பலகையின் மஞ்சள் பக்கம்

வாஃபிளின் மேல் வைக்கிற பழுப்புப் பாலாடைக்கட்டியை மெல்லியதாகச் சீவ வேண்டும். தடிமனாக வெட்டுகிறவர்கள் ஒன்று அவசரக்காரர்கள், இல்லையென்றால் தலைநகரத்துக்காரர்கள். நீங்கள் பேர்கன் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றாலும் சரியாகவே சீவுகிறீர்கள், யோஸ்தைன். இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தே வையுங்கள். போன முறை டாக்டரோடு போலீஸ் படகில் வந்தீர்களே, அப்போது நான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. தொலைபேசி கெட்டுப்போயிருந்தது என்று சொன்னேன். கெட்டுப்போகவில்லை.

அதை மட்டும் தனியாகச் சொன்னால் தப்பாகப் படும். முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த ஸ்கோர்நேஸ் பண்ணைக்குச் சாலை கிடையாது. சாலை போடுவது பற்றி ஆராய நகராட்சி மூன்று முறை குழு அமைத்தது. மூன்று முறையும் குழு படகில் வந்து, இதே மேசையில் ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சாப்பிட்டு, சாலை மிக மிக அவசியம் என்று கையெழுத்துப் போட்டு, படகிலேயே திரும்பிப் போனது. ஆகவே இன்றைக்கும் படகுதான். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொன்றுக்கு, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கிற இந்த ஃபியோர்டுக்குள் போகும். மூன்று மணிக்கு இந்த வழியாகவே திரும்பும். இங்கே இறங்குகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம். ஏறுகிறவருக்குத்தான் பலகை.

பலகையைப் பற்றிப் படகோட்டி ஸ்டைனார் உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. துறையில் இருக்கிற கொட்டகையின் கடல் பக்கச் சுவரில் கதவளவுக்கு ஒரு பலகை இருக்கிறது. ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் சாம்பல். கொட்டகைக்குள் ஒரு கைப்பிடி. அதைத் திருகினால் பலகை புரளும். மஞ்சள் தெரிந்தால் ஸ்டைனார் படகைத் துறைக்குத் திருப்புவார். சாம்பல் என்றால் நேரே போய்விடுவார். துறையில் நிற்பவர் கண்ணுக்குப் பலகை படாது. படகிலிருந்துதான் தெரியும்.

கை அசைத்தால் போதாதா என்றால், போதாது. கோடையில் இந்தக் கரையில் நிற்கிற எந்தப் பயணியும் எந்தப் படகைக் கண்டாலும் கை அசைப்பான். ஒரு தடவை மூன்று ஜெர்மானியர்களை நம்பி ஸ்டைனார் படகைத் திருப்பினார். அவர்கள் அவரைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான்: “பலகை காட்டுனா வருவேன். கை காட்டுனா நானும் கை காட்டுவேன்.”

எண்பத்தாறாம் வருஷம் அக்டோபரில், என் மனைவி குன்வோர் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். “பலகையைத் திருப்பி வச்சிடுங்களேன்” என்றாள். நானே போய்த் திருப்பி வைத்தேன். ஒரு பல்லுக்கு அந்தப் பெட்டி கொஞ்சம் பெரியதுதான். ஆனால் இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. இப்போது அவள் துரோண்ட்ஹெய்மில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பல் சரியாகியிருக்கும்.

அதற்குப் பிறகு நானும் ஆடுகளும்தான். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு வானொலியில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கை வரும். எனக்கு மீன்பிடி கிடையாது. ஆனாலும் கேட்பேன். அறிக்கை படிக்கிறவர் ஆரம்பத்தில் “மாலை வணக்கம்” என்று சொல்வார். நானும் பதிலுக்குச் சொல்வேன். சில வாரங்களில் நான் பேசியது அவ்வளவுதான்.

தன்னார்வலர் சங்கத்தைப் பற்றி ஸ்டைனார்தான் சொன்னார். ஆஸ்லோவில் ஓர் அலுவலகம், ஒரு கையேடு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பண்ணை வேலை. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். கையேட்டில் இதற்கு ‘மண்ணோடு மறு உறவு’ என்று தலைப்பு. சாணம் அள்ளுவதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் தங்களைத் தேடி வருவதாகக் கடிதம் எழுதுவார்கள். பாரிசில் தொலைந்துபோனவர் என் ஆட்டுக்கொட்டகையில் எப்படி அகப்படுவார் என்று நான் கேட்டதில்லை. வந்தால் சரி. எதிரே உட்கார்ந்து ஒருவர் சாப்பிடுகிற சத்தம் எவ்வளவு நல்ல சத்தம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வாஃபிள் கடிக்கிறபோதுகூட அது கேட்கிறது.

ஒரே சங்கடம், அவர்கள் போவார்கள். தேதி போட்டுக்கொண்டே வருவார்கள்.

முதலில் ஒரு டென்மார்க்காரன். அவன் போக வேண்டிய வெள்ளிக்கிழமை நான் பலகையைத் திருப்ப மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்துதான் போனேன். படகு நிற்காமல் போனது. அவன் கை அசைத்தான், ஸ்டைனாரும் கை அசைத்தார், இரண்டு முறை ஊதலும் அடித்தார். பையன் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தான். அந்த நான்கு நாளும் நாங்கள் சீட்டாடினோம். கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தில், ‘கூடுதலாகக் கிடைத்த நாட்களுக்கு நன்றி’ என்று எழுதினான். அதோ, ஜன்னலோரம் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

பிறகு மறப்பது எனக்குப் பழகிவிட்டது. ஸ்காட்லாந்து தம்பதிக்கு ஒரு படகு. ஃபின்லாந்து ஆசிரியை ஒருத்திக்கு இரண்டு படகு. படகில் இடமில்லை போலிருக்கிறது என்பேன், அலை சரியில்லை என்பேன். யாரும் முகம் சுளித்ததில்லை. மூன்றாவது நாள் எல்லாருமே கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள்; அது எனக்குப் பிடிக்கும். மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து, ‘விடைகொடுக்க மனமில்லாத பண்ணை’ என்று அரைப் பக்கம் எழுதினார். என் படத்தோடு. எழுதினவர் மறுநாளே போய்விட்டார்; அவர் சொந்தப் படகில் வந்திருந்தார்.

நான் யாரையும் பிடித்து வைத்ததில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் பூட்டே கிடையாது.

லீஸ்பெத் ஆகஸ்டில் வந்தாள். பெல்ஜியத்தில் கெந்த் நகரம், நூலக வேலை, இருபத்தாறு வயது. அவள் தன்னைத் தேடி வரவில்லை. “ஆடு பாக்கணும்னு ஆசை, அவ்வளவுதான்” என்றாள். என் ஆடுகளுக்கு நகராட்சி உறுப்பினர்களின் பெயர் வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தினமும் காலையில் இதே இடத்தில் நின்று, “ஆஸ்முன்ட், இன்னிக்கு எந்த உறுப்பினருக்குக் குளம்பு வெட்டணும்?” என்பாள். “தலைவருக்கு. நாலு காலும் அழுகியிருக்கு, ஆனாலும் நாற்காலிய விடமாட்டேங்குறார்” என்பேன். எட்டு வருஷத்தில் நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அக்டோபர் ஏழு, வெள்ளிக்கிழமை, அவள் போக வேண்டிய நாள். அன்று காலையே நான் பலகையைச் சாம்பலில் விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு படகு. அவள் எழுந்து வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “நேத்து ராத்திரியே லேசா இருந்துச்சு. இங்கதான், வலது பக்கம் கீழ” என்று காட்டினாள். அந்த இடம் எனக்குத் தெரியும். என் அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் அதே இடத்தில்தான் வலித்தது. குடல்வால். அப்பா நான்கு மணி நேரம் துடுப்புப் போட்டு அவனை டாக்டரிடம் கொண்டுபோனார், அவன் பிழைத்தான். ஆகவே இதில் அவகாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

துறைக்கு இறங்கும் வழியில் அவள் பையை நான்தான் தூக்கினேன். பாறையில் அடித்திருக்கிற சங்கிலியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். மூன்று மணிக்குப் படகு முனையைத் தாண்டியது. அவள் கை அசைத்தாள். பிறகு இரண்டு கையையும் அசைத்தாள். பிறகு கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து அசைத்தாள். ஸ்டைனார் தொப்பியைக் கழற்றி அசைத்தார். இரண்டு முறை ஊதல்.

“ஏன் நிக்கல? என்னைப் பாத்தாரே! நல்லா பாத்தாரே!” என்றாள்.

“செவ்வாய்க்கிழமை நிப்பார்” என்றேன்.

மேலே ஏற இருபத்தைந்து நிமிடம் ஆகிற பாதை. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவசரப்படுத்தவில்லை நான்.

மாலையில் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். அவளுக்கு எங்கள் மொழி தெரியாது, அதனால் நான்தான் பேச வேண்டும். கூடத்தில் போய் ரிசீவரை எடுத்தேன். அதை வைக்கிற இடத்தில் இருக்கும் பொத்தானை இடது கை விரலால் அமுக்கிக்கொண்டேன்; அமுக்கினால் இணைப்பு கிடைக்காது. டாக்டர் வந்தால் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவார்; நேராக ஆஸ்பத்திரி, அங்கிருந்து கெந்த். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நன்றாகவே பேசினேன். “ஆமா டாக்டர், வலது பக்கம்தான்… இல்ல, காய்ச்சல் பெருசா ஒண்ணுமில்ல… சரி, சரி… வீட்ல சௌக்கியமா? அடடா, கால் சுளுக்கா? பாத்து நடக்கச் சொல்லுங்க.” யாரும் இல்லாத இடத்தில் பேசி எனக்கு எட்டு வருஷப் பயிற்சி.

“சூடா சூப் குடிச்சுட்டுப் படுக்கச் சொன்னார். சாதாரண வாயுதானாம். செவ்வாய்க்கிழமை வந்து காட்டச் சொன்னார்.”

“அவரே சொன்னாரா? அப்பாடா” என்றாள். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தபோது, நான் செய்தது சரி என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் வலி சட்டென்று நின்றுவிட்டது. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறீர்கள். ஆமாம், டாக்டர் உங்களிடம் விளக்கியிருப்பார். குடல்வால் வெடித்தால் அப்படித்தான் கொஞ்ச நேரம் சுகமாக இருக்குமாம். எனக்கு அப்போது தெரியாது. அன்று மாலை சீட்டாடினோம். மூன்று ஆட்டம் அவள் ஜெயித்தாள். “டாக்டர் கெட்டிக்காரர்தான்” என்றாள். என் வாழ்க்கையில் நல்ல மாலைகளை எண்ணச் சொன்னால் அதை முதலில் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஏறியது. “போனைக் குடுங்க, நானே அவர்கிட்ட பேசறேன்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சர்ச்சில் இருப்பார் என்றேன். இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குன்வோர் பற்றி, பெட்டி பற்றி, வானொலிக்காரர் பற்றி எல்லாம் சொன்னேன். ஒரு மனுஷி கடிகாரத்தைப் பார்க்காமல் நான் சொல்வதைக் கேட்டது அன்றுதான். விருந்தினர் புத்தகத்தையும் கையில் கொடுத்தேன். எல்லாரும் எழுதுவது போல எழுதவில்லை. வெறும் ஒரு தொலைபேசி எண், அதற்குக் கீழே ‘அம்மா’. காய்ச்சலில் கிறுக்கியது என்று விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.

திங்கள் விடியும்போது போய்விட்டாள். ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து, அவள் தலையை வாரிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பலகையை மஞ்சளுக்குத் திருப்பினேன். ஸ்டைனார் உடனே வந்தார். அவர் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப நேரம் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். “அன்னிக்குத் துண்டை ஆட்டுச்சே, அந்தப் பொண்ணா? பலகை சாம்பல்ல இருந்துச்சேப்பா, ஆஸ்முன்ட்.”

“மறந்துட்டேன்” என்றேன்.

தலையாட்டினார். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நான்தான் செய்தேன். பலகையை அப்படியே விட்டதும், பொத்தானில் விரலை வைத்ததும் நான்தான். இரண்டுமே ரொம்பச் சின்ன வேலை. ஆட்டுக் குளம்பு வெட்டுவதற்கு இதைவிடப் பலம் வேண்டும். அவள் சாக வேண்டும் என்று ஒரு கணம்கூட நினைத்ததில்லை, யோஸ்தைன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். மூன்று மணியாக இன்னும் ஏழு நிமிடம். துறைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று சொன்னேனே. உங்கள் போலீஸ் படகு இன்னும் பழுது பார்க்கிற இடத்தில் கிடப்பதால்தான் காலையில் ஸ்டைனாரின் படகில் வந்தேன் என்றீர்கள். கூடத்தில் தொலைபேசி இருக்கிறது, தாராளமாகப் பேசுங்கள், நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மேற்கிலிருந்து காற்று எழும்புகிறது. நாளைக் காலைக்கு முன்னால் யாரும் படகு அனுப்ப மாட்டார்கள். அடுப்பில் ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் காலையிலிருந்து வெந்துகொண்டிருக்கிறது. இரண்டு பேருக்குப் போட்டேன். மாடியில் படுக்கை விரித்திருக்கிறது, உறையெல்லாம் துவைத்தது.

ஓடாதீர்கள், யோஸ்தைன், பாறை வழுக்கும். அதோ, ஊதல் கேட்கிறதே, அவர்தான். வேண்டுமானால் முற்றத்து விளிம்பில் நின்று கை அசையுங்கள். ஸ்டைனார் கட்டாயம் பதிலுக்கு அசைப்பார்.