குருபாதம் எழுதிக் கொடுத்தது

இவ்வளவு நேரம் என்னைப் பத்தி நல்லதாவே பேசிட்டீங்க. நேர்மையானவன், பொறுமைசாலி, ஒரு மனு கூடத் தொலைச்சதில்லன்னு சொன்னீங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு ரிட்டயராகி வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கதையில தப்புப் பண்ணவன் யாருன்னு கடைசி வரைக்கும் மறைச்சு வைக்கிற பழக்கம் எனக்கில்ல... நான்தான்.

குருபாதம்னு ஒருத்தர். ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறவர். பதினெட்டு வயசுல தோள்ல துண்டைப் போட்டவர், அம்பத்தெட்டு வயசு வரைக்கும் தூக்கினார். ஒருநாள் அடுக்கி வச்சிருந்த அட்டி சரிஞ்சு நெல்லு மூட்டைங்க மேல விழுந்து, இடுப்பெலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில ஆறு மாசம். எழுந்து வந்தப்போ கையில ஊன்றுகோல். வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடை.

நம்ம தாலுகா ஆபீஸுக்கு வந்தார். ஊனமுற்றோர் உதவித்தொகை மனு. கவுண்டர்ல நான். வயசைப் பாத்தேன். அம்பத்தொன்பது வருஷம், ரெண்டு மாசம்.

"என்ன பெரியவரே, இன்னும் பத்து மாசத்துல அறுபது முடியுது. முதியோர் பென்ஷனே வாங்கிக்கலாமே! இதுக்கு கேம்ப், சர்டிபிகேட்டுன்னு எதுக்கு வீணா அலையிறீங்க?"

அவர் சத்தம் போடல. மெதுவாத்தான் கேட்டார்.

"சார்... அந்தப் பத்து மாசம் நாங்க என்ன சாப்பிடறது?"

மனுவை வாங்கிக்கிட்டேன்.

மெடிக்கல் கேம்புக்குப் போனார். ரெண்டு பஸ் மாறணும். டாக்டர் பாத்தாரு, நாப்பத்தஞ்சு சதவீத ஊனம்னு எழுதிக் கொடுத்தாரு. போதும், தாராளமாப் போதும்! ஆனா விசாரணைன்னு ஒண்ணு இருக்கே... நாலு மாசம் கழிச்சு நம்ம ஆர்.ஐ., வருவாய் ஆய்வாளர், நேர்ல போனார். குருபாதம் வீட்டுல இல்ல. எங்க இருந்தார்? அதே மில்லுல. கால் நீட்டித் தரையில உக்காந்து, கோணி ஊசியால சாக்கு வாய் தச்சுக்கிட்டு இருந்தார்.

ஏன் தைச்சார்? உதவித்தொகை வரல, அதனால தைச்சார். ஏன் உதவித்தொகை வரல? சாக்கு தைச்சார், அதனால வரல! ரிப்போர்ட்ல என்ன எழுதிருந்துச்சு தெரியுமா? 'மனுதாரர் உழைக்கும் திறன் உள்ளவர்.'

நான் அந்த ரிப்போர்ட்டைப் படிச்சேன். எனக்குத் தெரியும்ங்க, அது அநியாயம்னு. மேல அனுப்பி மறுவிசாரணை கேட்டிருக்கலாம். ஒரு பாரா எழுதினாப் போதும். எழுதல. எப்படியும் அறுபது ஆகப்போகுது, தானா முடிஞ்சிடும்னு அலமாரியில வச்சேன்.

அறுபதும் ஆச்சு. வந்தார். முதியோர் பென்ஷன் மனு போட்டா... கம்ப்யூட்டர் ஏத்துக்கல! ஏற்கனவே இவர் பேர்ல ஒரு மனு நிலுவையில இருக்காம். பழசை முடிச்சாத்தான் புதுசு.

"என்ன சார் பண்றது?"

"ஒண்ணுமில்ல, ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

கவுண்டருக்கு வெளியில நாற்காலி இல்ல. ஊன்றுகோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சுவத்துல பேப்பரை வச்சு எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

"எனக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை... தேவையில்லை என்பதை... என் சொந்த விருப்பத்தின் பேரில்..."

அங்க நிறுத்தினார். திரும்பி என்னைப் பாத்தார்.

"சார், விருப்பம்னு எழுதணுமா?"

"ஆமா. அப்பத்தான் செல்லும்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். இடுப்பொடிஞ்ச மனுஷன், எனக்கு வேண்டாம்னு தன் கையாலயே எழுதிக் கொடுத்தார். நான் அதுல சீல் வச்சேன்... நல்லா அழுத்தி வச்சேன்.

அதுக்கப்புறமும் ஏழு மாசம் ஆச்சு உத்தரவு வர. இதுக்கு நடுவுல அவர் சம்சாரம் செண்பகம், லேடீஸ் ஹாஸ்டல்ல பாத்திரம் தேச்சு ரெண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்தாங்க. அங்க மிஞ்சின சோறு. மிஞ்சாத நாள்ல ஒண்ணும் இல்ல.

உத்தரவை வாங்கிக்க வந்த அன்னைக்கு, இந்த மனுஷன் திட்டுவார்னு நினைச்சேன். திட்டட்டும்னுதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீங்க முதல்லயே சொன்னீங்க சார். நான்தான் கேக்கல. உங்களுக்கும் வீண் தொந்தரவு கொடுத்துட்டேன்... மனசுல வச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டாருங்க. என்கிட்ட! திட்டியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். இப்ப ஒன்பது வருஷம் ஆச்சு...

இதை எதுக்கு இங்க சொல்றேன்? நான் எந்த விதியையும் மீறல. ஒரு பைசா கை நீட்டி வாங்கல. எந்தத் தணிக்கையிலயும் என் மேல குறிப்பு வராது. விதிப்படியே நடந்து ஒரு குடும்பத்தைப் பட்டினி போட்டேன். அதுக்குத்தான் பொறுமைசாலின்னு பேர் கொடுக்கறீங்க.

சிரிக்காதீங்க. நான் செஞ்சதை நாம எல்லாரும் செய்யறோம். ஒரு மனுஷனுக்கு வயசாகட்டும், ஃபைல் தானா முடிஞ்சிடும்னு காத்திருக்கோம். அறுபது தாண்டினவங்க ஃபைலுக்கு எதுக்காகக் காத்திருக்கோம்? வாய்விட்டுச் சொல்லுங்க பாப்போம்... சொல்ல மாட்டீங்க. எனக்கும் சொல்ல வாய் வரல.

நம்ம செக்‌ஷன்ல மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு. பதினோரு மனு இருக்கு. நேத்து எண்ணிப் பாத்தேன். பதினொண்ணும் நான் வச்சது. சாயங்காலத்தோட சாவி என் கையை விட்டுப் போகுது. கைதட்ட வேண்டாம்... யாராவது ஒருத்தர் எந்திரிச்சு வாங்க, சேந்து போய்த் திறப்போம்.