ஒரே தடவையா, மூணு தடவையா

— அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க. வெட்டி வச்ச பேப்பரெல்லாம் பறக்குது.

— பறக்கட்டும். நீ பேச்சை மாத்தாத. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலருந்து போன் வரும். என்ன சொல்லப் போற?

— அதான் சொன்னேனே... ஆபரேஷனை மூணு தடவையா.

— மறுபடியும் மூணா! வயித்துத் தோல் ஒரு தடவை, கை ஒரு தடவை, தொடை ஒரு தடவை... ஆஸ்பத்திரிக்கு சீசன் டிக்கெட் எடுத்திருக்கியா நீ?

— பிரிச்சுப் பண்றதுதான் நல்லதுன்னு டாக்டரே சொன்னாரே.

— நல்லதுன்னாரு. ஒண்ணாப் பண்ண முடியாதுன்னு சொன்னாரா? முடியும்னாரு. ஒரு மயக்க ஊசி, ஒரு வலி, ஒரு படுக்கை. எழுந்தா வேலை முடிஞ்சது.

— எழுந்தா.

— ஏன் இப்படி வாயை வைக்கிற?

— நான் வைக்கல, டாக்டர் வச்சாரு. பகல் பூரா மயக்கத்துல கிடக்கணும், கால்ல ரத்தம் கட்டிக்கலாம், கட்டினது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிடலாம்னு சொன்னாரு. கேட்டீங்களா?

— கேட்டேன்.

— கேக்கல. போனை நோண்டிக்கிட்டு இருந்தீங்க.

— ஒரு கஸ்டமர்... லைனிங் என்ன கலர்னு கேட்டாங்க.

— ம்.

— ம்-னா?

— ம்-னா ம்-தான். அந்தக் கத்தரியை இப்படிக் கொடுங்க.

— இதைத் தொடாத, இது துணி வெட்டறது. உனக்கு அந்தச் சின்னது... இந்தா. இப்ப நிதானமா கேளு. நீயும் நானும் எத்தனை வருஷமா துணியில கிடக்கறோம்? மார்க் பண்ணியாச்சுன்னா ஒரே மூச்சுல வெட்டணும். பாதியில நிறுத்தினா துணி இழுத்துக்கும். கோணிக்கும்.

— அது புதுத் துணிக்கு. என்னோடது ஆல்டரேஷன்.

— என்னது?

— ஆல்டரேஷன்ங்க. பெரிய சைஸ் சட்டையைச் சின்னதாக்கணும்னு யாராவது கொண்டு வந்தா என்ன பண்ணுவீங்க? முதல்ல ஒரு பக்கம் பிடிப்பீங்க. போட்டுப் பார்க்கச் சொல்லுவீங்க. அப்புறம்தான் அடுத்த பக்கம். எல்லாப் பக்கமும் ஒண்ணாப் பிடிச்சா மூச்சு விட முடியாதுன்னு யாரு எனக்குச் சொல்லிக் கொடுத்தது?

— துணி வேற, தோல் வேற.

— அடேங்கப்பா. டாக்டர்கிட்ட நீங்கதானே, "எல்லாம் துணி மாதிரிதானே சார்"னு கேட்டீங்க? அவரு சிரிச்சாரே.

— அவரு மரியாதைக்குச் சிரிச்சாரு.

— எனக்கும் மரியாதை கொடுத்து ஒரு சிரிப்பு சிரிங்களேன். மூஞ்சியை உர்ருனு வச்சுக்கிட்டு...

— சிரிக்கிற விஷயமா இது?

— முன்னாடியெல்லாம் எல்லாத்துக்கும் சிரிப்பீங்க. பூசணி, பூசணின்னு கூப்பிட்டுக்கிட்டே இந்தக் கடை பூரா சுத்துவீங்க. கஸ்டமர் முன்னாடி கூட. எனக்கு மானம் போகும்.

— இப்ப எங்க பூசணி? அதான் வயித்தைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ணி, பாதியா இளைச்சுட்டியே.

— ஆமா. உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சு. தோல் மட்டும் காலி உறை மாதிரி அப்படியே தொங்குது.

— அதைத்தானே எடுத்துடலாம்னு சொல்றேன்! ஒரே தடவையில, ஒட்டுமொத்தமா. ஏன் இழுத்துக்கிட்டே போகணும்?

— உங்களுக்கு அவ்வளவு அசிங்கமா இருக்கா?

— நான் என்னைக்காவது உன்னை அசிங்கம்னு சொன்னேனா? சொல்லு... என் வாயால ஒரு வார்த்தை?

— சொல்லல.

— அப்புறம்?

— முதல்ல விளக்கை அணைச்சீங்க. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க. அப்புறம் வேலை நிறைய இருக்குன்னு இங்கயே, இந்த வெட்டுற மேஜை மேலயே படுக்க ஆரம்பிச்சீங்க. வாயால ஒண்ணும் சொல்லல. அது நிஜம்தான்.

— வேலை இருந்துச்சு. பள்ளிக்கூட சீருடை ஆர்டர்...

— சீருடை எல்லாம் கொடுத்து முடிச்சாச்சுங்க. மழைக்காலமே வந்துடுச்சு.

— இப்ப எதுக்கு அதெல்லாம்? போன் வந்தா என்ன சொல்றதுன்னுதான பேச்சு. போன தடவை வயித்து ஆபரேஷனுக்கு நீ படுத்தப்போ நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையைத் திறக்க முடியல. வர்ற ஆர்டரை எதிர்க்கடைக்கு அனுப்பினேன். அதே மாதிரி மூணு தடவையா? என்னால ஆகாது.

— உங்களுக்குக் கஷ்டம்தான். தெரியும்.

— கஷ்டம்னு நான்... சரி, கஷ்டம்தான். இந்தத் தடவை குழாய் வேற மாட்டி விடுவாங்க. ரத்தத் தண்ணி வடியும், அளந்து கொட்டணும். இறுக்கமா பெல்ட் போடணும், கழட்டணும், மறுபடி போடணும். ஒரு தடவைன்னா பல்லைக் கடிச்சுக்கலாம். மூணு தடவை யாரு செய்வா?

— எனக்குப் பயமா இருக்குங்க.

— எதுக்கு?

— ஒண்ணாப் பண்ணி, நான் எழுந்திருக்கவே இல்லன்னா?

— எழுந்திருப்ப.

— எப்படித் தெரியும்?

— நீயா? நாலு பேரை எழுப்பி விட்டுட்டுத்தான் மறு வேலை பார்ப்ப.

— பாத்தீங்களா, இப்ப சிரிக்க வைக்கிறீங்க. காரியம் ஆகணும்னா மட்டும்.

— என்ன காரியம்? எனக்கென்ன காரியம்?

— அதைத்தான் நானும் யோசிக்கிறேன். உடம்பு என்னோடது. வலி என்னோடது. நான் மெதுவா பண்ணிக்கிறேன்னு சொல்றேன். உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

— அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல.

— மூணு தடவைன்னு நான் முதல் நாள் சொன்னப்போ உங்க மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? பஸ்ஸைத் தவற விட்டவன் மாதிரி.

— நீயா எதையாவது கற்பனை... யாரோ வராங்க. அப்புறம் பேசலாம். வாங்க சார், வாங்க.

— அண்ணே, என் பேன்ட்டு ரெடியா?

— நாளைக்கு வந்துடுங்க சார். பட்டனுக்குக் காஜா எடுக்கறது மட்டும் பாக்கி.

— நாளைக்கா? முந்தாநாளே வாங்கிக்கோங்கன்னு சொன்னீங்கண்ணே. நேத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தேன், கடை பூட்டியிருந்துச்சு. முந்தாநாளும் அப்படித்தான். எங்க போயிடுறீங்க?

— அது... கொஞ்சம் வெளி வேலை சார். நாளைக்குக் கண்டிப்பா.

— வரேங்க்கா. நீங்களாவது அண்ணனுக்கு ஞாபகப்படுத்துங்க.

— சரிங்க. சொல்றேன்... படி பார்த்து இறங்குங்க.

— பாவம், ரெண்டு தடவை அலைய வச்சுட்டேன்.

— நேத்து அதே நேரத்துக்குத்தான் போன் பண்ணி, கடையிலதான் இருக்கேன், தலை தூக்க முடியலன்னீங்க.

— பட்டன் வாங்கப் போனேன்.

— முந்தாநாளும் பட்டனா?

— ஜிப்பு.

— ம்.

— மறுபடியும் ம்-ஆ! எதையாவது கேக்கணும்னா நேரா கேளு. இப்படி ஊசி குத்தற மாதிரி...

— கேக்கலங்க. கேட்டா பதில் வந்துடும். அதனாலதான் இத்தனை நாளா கேக்கல.

— ... என்ன சொல்ற?

— போன மாசம் ஒரு நீலச் சட்டை கொடுத்தீங்க. லேடீஸ் சட்டை. காஜா எடுத்து பட்டன் கட்டச் சொல்லி.

— எத்தனையோ நீலச் சட்டை.

— அதுல சீட்டு இல்ல.

— என்ன சீட்டு?

— அளவுச் சீட்டு. இந்தக் கடையில இருக்கற ஒவ்வொரு துணியிலயும் நீங்களே குத்தி வைக்கிற சீட்டு. எனக்குத் தைக்கும்போது கூட அளவெடுத்து, எழுதி, குத்தி வச்சுத்தான் வெட்டுவீங்க. "கண்ணை நம்பாத, சீட்டை நம்பு"ன்னு என்னைத் திட்டுவீங்க. அந்த ஒரு சட்டைக்கு மட்டும் சீட்டு இல்ல.

— விழுந்திருக்கும்.

— குத்தின ஓட்டையும் இல்லைங்க. தேடிப் பார்த்தேன். துணி அப்படியே வழவழன்னு இருந்துச்சு. ஒரு உடம்போட அளவு உங்களுக்கு மனப்பாடமா இருக்கு. தோள், மார்பு, இடுப்பு... ஒண்ணு விடாம. நான்தான் பட்டன் கட்டினேன். ஆறு பட்டனும். நூல் விட்டுப் போயிடக் கூடாதுன்னு இன்னொரு சுத்து சேர்த்துக் கட்டினேன். பைத்தியக்காரி.

— நிறுத்து.

— மறு வாரம் அந்தச் சட்டை பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு. நம்ம டீச்சர். சீருடை ஆர்டர் கொண்டு வந்தவங்க. ஒரு சுருக்கம் இல்ல. நீங்க தைச்சதுலயே அதான் ரொம்ப நல்ல தையல்.

— யாருகிட்டயாவது சொன்னியா?

— யாருகிட்ட சொல்ல? மிஷின்கிட்டயா?

— உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க... உக்காரு முதல்ல. நான் சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. உன் உடம்பு சரியானதும் சொல்லிடணும்னு.

— என்னன்னு?

— போறேன்னு. இப்படியே உன்னை விட்டுட்டுப் போக மனசு வரல. அவகிட்ட கூட அதைத்தான் சொன்னேன். இவளுக்கு ஒரு ஆபரேஷன் பாக்கி இருக்கு, அது முடியட்டும், இவ எழுந்து நடக்கட்டும், அதுக்கப்புறம் வரேன்னு.

— ஓ. பாக்கி வேலையை முடிச்சு, இஸ்திரி போட்டு, கவர்ல போட்டு டெலிவரி. நல்ல டெய்லர்ங்க நீங்க.

— உனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுப் போகணும்னு நினைச்சேன். அதுவும் தப்பா?

— மூணு தடவைன்னா ஒரு வருஷம் ஆகும். டீச்சரம்மா ஒரு வருஷம் பொறுக்க மாட்டாங்களா?

— ... பொறுக்க மாட்டேன்னு சொல்லிட்டா.

— அதான் ஒரே தடவை.

— அப்படிப் பச்சையா...

— எப்படிச் சொல்லணும்? கால்ல ரத்தம் கட்டினா கட்டட்டும், இவ ஒரேயடியா முடிச்சுக்கிட்டா நல்லதுன்னு...

— ஐயோ, அப்படி நினைக்கல! என்னைப் பாரு... நீ சாகணும்னு நான் ஒரு நாளும் நினைக்கல. நான் கெட்டவன்தான். அவ்வளவு கெட்டவன் இல்ல.

— தெரியும். அதான் அழுகையா வருது. அவ்வளவு கெட்டவரா இருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

— அழாத. யாராவது வரப் போறாங்க.

— ஷட்டரைப் பாதி இறக்குங்க.

— இறக்கிட்டேன். இந்தா, தண்ணி குடி... சரி, நீ சொன்ன மாதிரியே மூணா பிரிச்சுப் பண்ணிக்க. பணிவிடைக்கு நர்ஸ் அம்மா ஒருத்தரை ஏற்பாடு பண்ணிடறேன். தினமும் வந்து கட்டு மாத்திட்டுப் போவாங்க. நான் இருக்கறதை விட நல்லாப் பார்த்துப்பாங்க.

— நர்ஸா?

— ஆமா. எனக்குத் தெரிஞ்சவங்கதான். கை ரொம்ப மெத்துனு இருக்கும்.

— நர்ஸ் வந்தா எனக்கு மூணும் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்.

— ஏன் அடம் பிடிக்கிற?

— ... போன் அடிக்குது.

— ஆஸ்பத்திரிதான். அடிக்கட்டும். நீ முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. போன மாசமே உனக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு. நான் போயிடுவேன்னும் ஊகிச்சிருப்ப. அப்புறம்தானே நீயே டாக்டரைத் தேடிப் போன? மூணு தடவை கத்திக்கு அடியில படுக்கறேன்னு நீயாத்தானே சொன்ன? யாருக்காக இந்த அழகு? போகப் போறவனுக்கா?

— அழகுக்கா? இந்தத் தோல் எனக்கு ஒரு பாரமே இல்லைங்க. மடிச்சு உள்ள சொருகிக்கிட்டு நான் பாட்டுக்கு மிஷின்ல உக்காந்திருப்பேன்... போன தடவை நான் படுத்துக் கிடந்தப்போ, நீங்க பாடு பட்டேன்னு சொல்றீங்களே, அந்த நாளெல்லாம்... ஸ்பூன்ல தண்ணி கொடுத்தீங்க. தலை வாரி விட்டீங்க. வகிடு கோணலா எடுத்துட்டு நீங்களே சிரிச்சீங்க. ராத்திரி நான் முனகினா, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, இங்கதான் இருக்கேன், தூங்குன்னு சொன்னீங்க. தையல் பிரிச்ச அன்னைக்கு எல்லாம் நின்னு போச்சு. அதை இன்னும் மூணு தடவை வாங்கிக்கலாம்னு நினைச்சேன்... போனை எடுங்க. வச்சுடப் போறாங்க. ஒரே தடவைன்னே சொல்லிடுங்க... ஒரு தடவையாவது கிடைக்கட்டும்.