மொட்டு விரிய மூன்று நாள்

வெயில் காலத்தில் தொட்டிச் செடிக்குக் காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் மண் சூடேறி வேர் வெந்துபோகும். எங்கள் குழுவில் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் மேடம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பத்து மணிக்கு ஆற அமர ஊற்றுவார்கள். மதியம் இலை தொங்கியதும் படம் எடுத்துப் போட்டு, 'டெய்லர், இதுக்கு என்ன மருந்து?' என்று கேட்பார்கள்.

நான் தையல்காரன். கீழ்த்தளத்தில் முன் அறையில் மெஷின், பின் அறையில் நான், அதற்கும் பின்னால் சிமென்ட் போட்ட ஒரு சின்ன முற்றம். என் தொட்டிகள் அங்கேதான். மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரும் அவருடைய அண்ணனும். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அண்ணன்தான். ஊன்றுகோல் இருந்தால் நடப்பார், குனியத்தான் முடியாது.

குழு என்றால் போனில் இருக்கிற குழு. தெருவில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிற பதினாறு பேர். வெயில் ஏற ஏற அதற்கும் சூடு பிடிக்கும். ஒருவர் காகிதப்பூவைப் போடுவார், ஒருவர் செம்பருத்தியைப் போடுவார். பேக்கரிக்காரர் உடைந்த குளியல் தொட்டியை அல்லிக் குளமாக்கி ஒரு வாரம் எங்கள் உயிரை எடுத்தார். இந்தக் கூத்தெல்லாம் ஒரு ஒழுங்கில் நடக்கட்டும் என்று ஒரு விதி வைத்தோம். ஒரு செடி முதன்முதலாகப் பூக்கும்போது யார் முதல் படத்தைப் போடுகிறாரோ, அவர் பேரில்தான் அந்தப் பூ. புது ரகம் என்றால் அதற்குப் பேர் வைப்பவரும் அவரே. இந்த விதியைச் சொன்னது நான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதுதான்.

அடீனியம் என்று ஒரு செடி இருக்கிறது. பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். அடி பானை போலப் பருத்திருக்கும், வெயில் கொளுத்தக் கொளுத்தத்தான் பூக்கும். என்னிடம் கருஞ்சிவப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் இருந்தன. மூன்று கோடைக்கு முன்னால், நைலான் நூலின் நுனியால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதற்குள் வைத்தேன். பூவின் உள்ளே மிகவும் குறுகல். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது வசப்படும். நாற்பது பூவுக்குச் செய்ததில் ஒன்று காய்த்தது. காய் வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும். அதனால் அதைச் சுற்றி நூல் கட்டிவிட்டுத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு விதை முளைத்தன.

அதில் நான்கை நான்கு பேருக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். அந்த மழைக்காலத்தில் என் ஏழும் அழுகிப்போயின. முற்றத்துக்குக் கூரை கிடையாது. மற்ற மூன்று பேரும் அவரவர் வழியில் கொன்றார்கள். என் முற்றத்தைப் பார்த்திருக்கிற டீச்சரின் பால்கனிக்குக் கூரை இருந்ததால் அவர் செடி மட்டும் பிழைத்தது. அதுதான் இந்தக் கோடையில் ஒரே ஒரு மொட்டு விட்டது.

டீச்சர் தினமும் அந்த மொட்டைப் படம் எடுத்து, 'எங்க வீட்டுச் செல்லம்' என்று குழுவில் போட்டார். மகளுக்குப் பிறக்கப்போகிற குழந்தையின் பேரைத்தான் பூவுக்கும் வைக்கப்போவதாகச் சொன்னார். நான் மரியாதையாகத்தான் எழுதினேன். "டீச்சர், செடி உங்களோடதுதான். பேரை மட்டும் நான் வைக்கலாமா?" அவர் குரலைப் பதிந்து அனுப்பினார். "டெய்லர், பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு இனிஷியலை மாத்தாதேன்னு சொல்ற மாதிரி இருக்கே நீங்க சொல்றது." பதினான்கு பேரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினேன். அன்றைக்கு வெட்டிய துணியில் ஒரு சட்டையின் கை வீணாகப் போனது. முப்பது வருடத் தொழிலில் எனக்கு அப்படி நடந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது மேடம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதன்கிழமை மதியம் வெளியூரில் இருக்கிற டீச்சரின் மகளுக்குக் குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. டீச்சர் பையும் சாவியுமாக என் வாசலில் வந்து நின்றார். செடிகளுக்கு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார். அதையும் சாவியையும் கொடுத்துவிட்டு, "அண்ணனையும் கொஞ்சம் எட்டிப் பாத்துக்குங்க. ஃப்ரிட்ஜ்ல எல்லாம் வெச்சிருக்கேன், அவரே சூடு பண்ணிச் சாப்பிட்டுப்பாரு," என்றார். தெருவில் இறங்கப் போனவர் திரும்பி, "மொட்டு நான் வர்றதுக்குள்ள விரிஞ்சிடாதே? ஞாயித்துக்கிழமை வந்துருவேன்," என்றார்.

"திங்கக்கிழமை ஆகும் டீச்சர். அவசரமே இல்ல, நிதானமா வாங்க," என்றேன். சனிக்கிழமை விடியும்போது விரியும் என்று எனக்குத் தெரியும். மொட்டின் முறுக்கு தளர்வதைப் பார்த்தாலே நாள் சொல்லிவிடுவேன். நான் சொன்ன முதல் பொய் அது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு மாடிக்குப் போனேன். பால்கனிக்கு அண்ணனின் அறை வழியாகத்தான் போக வேண்டும். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் அவர் தரையில் கிடந்தார்.

"வந்தியா மாப்ள," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கேலிக்கு. "ராத்திரி வழுக்கிடுச்சு. கத்திக் கத்தித் தொண்டையே போயிடுச்சுடா. தங்கச்சிக்கு ஒரு போன் போடு."

"போடறேன் அண்ணே. முதல்ல தண்ணி குடிங்க."

இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அளவெடுத்துப் பழகிய கண் என்னுடையது. அந்தக் கால் மற்றதைவிட ஓர் அங்குலம் குட்டையாகத் தெரிந்தது. எலும்பு முறிந்திருக்கிறது என்று புரிந்தது. தலைக்கு ஒரு தலையணை வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். அதற்குள் ஏழு மணி நெருங்கிவிட்டதால் போய்ச் செடிகளுக்கு ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே நிதானமாக யோசித்தேன்.

டீச்சருக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிடுவார். நானே ஆம்புலன்ஸை அழைத்தாலும் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் எங்கே என்றுதான் கேட்பார்கள், அப்போதும் வந்துவிடுவார். எப்படிப் போனாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பால்கனியில் போனோடு நிற்கப்போவது அவர்தான். மூன்று கோடைக் காலம் ஒரு பக்கம், மூன்று நாள் ஒரு பக்கம். கால் முறிந்தவர்கள் மூன்று நாள் தாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் டாக்டர் இல்லையே.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலையும் மாலையும் போனேன். பாலில் ரொட்டியை ஊற வைத்து ஊட்டினேன். அவர் போன் மேசையில் இருந்தது. கைதவறி உடைந்துவிடப் போகிறதே என்று அலமாரியின் உச்சியில் எடுத்து வைத்தேன். தெருப் பக்கத்து ஜன்னலை அனல் காற்று வராமல் இருக்கச் சாத்தினேன். அடிபட்டவரை அசைக்கக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன், அதனால்தான் கட்டிலில் தூக்கிப் போடவில்லை. மதியம் வெயில் அவர் கிடந்த இடத்துக்கு வந்தபோது, போர்வையோடு இழுத்து நிழலுக்கு நகர்த்தினேன். அப்போது ரொம்பவும் சத்தம் போட்டார்.

அன்று மாலை டீச்சர் என்னைப் போனில் கூப்பிட்டார். பெண் குழந்தை என்று சொன்னார். பிறகு, "மொட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதற்கும் பிறகுதான், "அண்ணன் ஏன் போனை எடுக்க மாட்டேங்கறாரு?" என்றார். அந்த வரிசையைக் கவனியுங்கள் மேடம். எனக்கு அது உறுத்தியது.

"இப்பதான் சாப்பிட்டுப் படுத்தாரு டீச்சர். மருமகளுக்குப் பொண்ணுன்னா சந்தோஷப்படுவாரு. எந்திரிச்சதும் சொல்றேன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். பகலில் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. நான் போனபோது அறை அடுப்பு போல இருந்தது. அண்ணனுக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது, ஆனால் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

"இன்னிக்காவது சொல்லுடா."

"நாளைக்குச் சொல்றேன் அண்ணே. காலைல ஆறு மணி தாண்டட்டும்."

"ஆறு மணிக்கு என்னடா?"

"பூ விரியும்."

"அதுக்காடா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அது உன் செடிதான்டா. எனக்குத் தெரியாதா? நீ காய்க்கு நூல் கட்டினப்போ நான் இந்தப் பால்கனிலதானே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். போனைப் போட்டுக் குடு. தங்கச்சிகிட்ட நானே சொல்றேன், பேரை நீயே வைக்கணும்னு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாருடா என்கிட்ட கேட்டா?"

எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் இந்த மனிதர் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பாடெல்லாம் உண்டா? பார்த்துக்கொண்டிருந்தவர் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் சொன்னபடி அப்போதே போனைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். வலியில் கிடக்கிறவர் எதை வேண்டுமானாலும் சொல்வார். தூக்கி உட்கார வைத்ததும் பேச்சை மாற்றிவிட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

மதியத்துக்கு மேல் அவர் தண்ணீரை விழுங்கவில்லை. உதட்டை நனைத்தேன். இலைகளுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயரால் முகத்துக்கும் கைகால்களுக்கும் தண்ணீர் தெளித்தேன். கொஞ்சம் ஆசுவாசப்பட்டது போலத்தான் தெரிந்தது. மாலையில் டீச்சர் மறுபடியும் கூப்பிட்டபோது, அண்ணன் குளித்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் போனேன். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதே தெரிந்துவிட்டது. தொட்டும் பார்த்தேன். ஆனால் பூ அப்போதுதான் முழுக்க விரிந்திருந்தது. காலை வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது மேடம், பத்து நிமிடம் போனால் நிறம் வெளுத்துவிடும். ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, இரண்டும் சேருகிற இடத்தில் கைத்தையல் போட்டது போல மெல்லிய கோடுகள். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பதினொரு படம் எடுத்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, சரியாக ஆறு மணிக்குப் போட்டேன். 'டெய்லர் வளர்த்த கலப்பினம், முதல் பூ' என்று எழுதினேன்.

அதற்குள் எல்லோரும் எழுந்திருந்தார்கள். வரிசையாகப் பாராட்டு வந்தது. பேக்கரிக்காரர், 'கைராசிக்காரரய்யா நீர்' என்றார். அந்தப் பன்னிரண்டு நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினார். 'அடடா, முந்திக்கிச்சா. அழகா இருக்கு டெய்லர். அண்ணன்கிட்ட காட்டினீங்களா?'

'காட்டினேன் டீச்சர். ரொம்ப சந்தோஷப்பட்டாரு' என்று எழுதினேன்.

எட்டு மணிக்குத்தான் டீச்சருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். காலையில் போய்ப் பார்த்தபோது அண்ணன் விழுந்து இறந்து கிடந்தார் என்றேன். அலமாரி உச்சியில் போன் எப்படி வந்தது என்று முதலில் கேட்டது நீங்கள்தான். வியாழக்கிழமையே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவர் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை. விழுந்ததை மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது நான்தான். போனை எடுத்து வைத்தது நான். ஜன்னலைச் சாத்தியதும் வெயிலுக்காக இல்லை, சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்றுதான். அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று வெள்ளிக்கிழமை மதியமே எனக்குத் தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்களாம், படத்தையும் எடுத்துவிட்டார்களாம். அந்தப் பூவுக்கு இன்னும் பேரில்லை. நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் 'டீச்சர் வீட்டுச் செடி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு, திருத்த வேண்டும். அதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறீர்கள். நான் நூல் கட்டியதைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான் மேடம். கண்டக்டர் அண்ணன் இப்போது இருந்திருந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.