சிற்றாற்றங்கரையில் ஒரு நீண்ட ஜெபம்

தென்காசி வட்டாரத்தில் சுவிசேஷம் வேரூன்றியது என்னுடைய தகரப் பெட்டியால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. பெட்டிக்குள் இருந்தவை சீமையிலிருந்து வந்த பிரசங்கக் குறிப்புப் புத்தகங்கள். அவற்றைத் தமிழாக்கி, பனிமலை என்று வரும் இடத்தில் பொதிகை மலை என்று போட்டதுதான் உபதேசியார் ஆசீர்வாதமாகிய என் ஊழியம். ஒரு பிரசங்கத்துக்கு மூன்று தலைப்பு, தலைப்புக்கு ஓர் உதாரணம், கடைசியில் கண்ணீர். சபையார் அழவேண்டிய இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். அந்தக் கோட்டை யாரும் மதித்ததில்லை.

சாரல் காலத்தில் குற்றாலத்து மிஷன் பங்களாவில் உபதேசிமாருக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். ஆசிரியர் நான். அந்த வருஷம் ஆலங்குளம் பக்கத்திலிருந்து வீரபாகு வந்தார். ஞானஸ்நானத்தில் பவுல் என்று பெயர் வைத்தோம். அப்படி ஒருவரும் கூப்பிடவில்லை. அவருக்குக் குறிப்பு எழுத வராது. பேச நின்றால் காய்ந்த வயல், சினைமாடு, செத்துப்போன தன் மகள் என்று போய்விடுவார். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

தென்காசிச் சேகரத்துச் சபைகளுக்காக ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதாக இருந்தது. அங்கி தைக்க நான் முன்னமே அளவு கொடுத்துவிட்டேன். பட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மிஷன் சேர்மன் ஐயர் என்னைக் கூப்பிட்டு, "உம்ம பிரசங்கம் அச்சடிச்ச மாதிரி இருக்கு, ஆசீர்வாதம். ஆனா ஜனம் வீரபாகுவையில்லா கேக்குது" என்றார்.

வீட்டில் அதைச் சொன்னபோது என் மனைவி ஞானப்பூ உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"அதுக்கு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கிய? நீங்க பேசுதப்ப, நாளைக்கு என்ன கொழம்பு வைக்கணும்னு நான் யோசிச்சு முடிச்சிருவேன். அவுக பேசுனா அடுப்புல வச்ச கொழம்பே மறந்துபோவுது."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வகுப்பின் கடைசி நாள் திறந்தவெளிப் பிரசங்கம். பேரருவிக்குக் கீழே, சிற்றாற்றுக்குள் ஒரு பாறை. வீரபாகுவை அதில் ஏற்றியது நான்தான். அதில் வஞ்சகம் இல்லை. அருவி இரைச்சலில் பேச்சு எடுபடாது என்று நினைத்தேன். எடுபட்டது. குளிக்க வந்தவர்கள் தலை துவட்டாமல் நின்று கேட்டார்கள். முடிவு ஜெபம் ஆசிரியருடையது. கரையில் நின்று தொடங்கினேன்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. தெருவில் ஜெபிக்கும்போது சாணி எறிவார்கள், தகரம் தட்டுவார்கள், பாம்பு பாம்பு என்று கத்துவார்கள். ஆமென் வரும்வரை கண் திறக்கக் கூடாது. திறந்தவர் ஊழியத்துக்கு ஆகாதவர். சட்டம் மாணவர்களுக்குத்தான். யார் திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருப்பதால் நான் கண் திறந்தே ஜெபிப்பேன். என்மேல் உங்களிடம் மனு கொடுத்தவர் அதைச் சரியாகவே கவனித்திருக்கிறார்.

அருவி செம்மண் நிறமானதை அப்படித்தான் பார்த்தேன். முதலில் சருகு வந்தது, பிறகு முறிந்த கிளை. குளித்தவர்கள் கரையேறி ஓடினார்கள். "ஏலே, பாறைய விட்டு எறங்குலே" என்று ஒருவன் கத்தினான். வழக்கமான கேலி என்று வீரபாகு நினைத்திருப்பார். கரையில் நின்ற மாணவர்கள் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள், நல்ல மாணவர்கள். தண்ணீர் அவருடைய கணுக்காலைத் தொட்டது. அவர் அசையவில்லை. என் முன்னிலையில் சட்டம் தவற அவருக்கு விருப்பமில்லை.

ஆமென் சிறிய சொல்தான். அதை நான் சொல்லவில்லை. விதவைகளுக்காக ஜெபித்தேன். நல்ல மழைக்காக ஜெபித்தேன். சக்கரவர்த்தியின் உடல்நலத்துக்காக ஜெபித்தேன். ஆமென் சொன்னபோது பாறை தெரியவில்லை.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. வகுப்பின் ஒழுங்கு கெடவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தால் நியாயமாக இருக்கும். பட்டம் எனக்குக் கிடைத்தது. அன்றைய ஜெபத்தில் மாணவர்கள் விம்மி அழுதார்கள், அதுவும் ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே. என் ஊழியத்தில் ஜனம் அழுதது அந்த ஒருமுறைதான்.

ஒன்று விட்டுப்போயிற்று. சக்கரவர்த்தியோடு என்னிடம் சொற்கள் தீர்ந்துவிட்டன. மீதியை வீரபாகு அன்று காலையில் செய்த ஜெபத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். மாணவர்கள் அழுதது அந்தப் பகுதிக்குத்தான்.