கழுத்துப் பட்டிக்குள் நீல நூல்

"ஹலோ... ஹலோ... ஆமா சார், ஆமா, நான்தான்... ஒரு நிமிஷம் சார், ஒண்ணும் காதுல விழல... அடியே, மெஷினை நிறுத்துங்கடி! டெண்டர் ஆபீஸ்லேருந்து பேசுறாங்க... ம், இப்ப சொல்லுங்க சார்."

தகரக் கூரை போட்ட தையல் கூடத்தில் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் உடுத்தும் கவுன்களைத் தைத்துக் கொடுக்கும் வேலைக்கான டெண்டர் அது. சிறு தொழில் செய்பவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். கிடைத்தால் மானியக் கடனில் புது மெஷின் வரும், கூடத்தில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் வருஷம் முழுக்க வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் கதவைப் பூட்டிவிட்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். முதலாளியம்மா என்று பெயர்தானே தவிர, அவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து நாடா தைக்கிறவள்தான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாதிரிக்குத் தைச்ச கவுனா? அதான் போன மாசமே கொடுத்தாச்சே... என்னது, தள்ளுபடியா? ஏன் சார்?... அடையாளமா? எங்க துணியிலயா? சான்ஸே இல்ல சார்... எனக்குத் தெரியாதா, யார் தைச்சதுன்னு கமிட்டிக்குத் தெரியக் கூடாது. பேர் கூடாது, முத்திரை கூடாது... ஆமா, ஆமா, படிச்சேன் சார். இவளுங்களுக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன்... வேற யாரோடதையாவது மாத்தி எடுத்துட்டீங்களான்னு பாருங்களேன்... எங்க? கழுத்துப் பட்டிக்கு உள்பக்கமா?... என்ன கலர்?... நீலமா..."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"...இருக்கேன் சார், லைன்லதான் இருக்கேன்... பெருக்கல் குறி மாதிரி, சின்னதா... ஆமா சார். எங்களோடதுதான்... ஐயோ, யாருக்கும் சாடை காட்டப் போட்டது இல்ல சார்! உங்க கமிட்டியில எனக்கு யாரைத் தெரியும், ஆபீஸ் வாசல்ல இருக்கற வாட்ச்மேனைத் தவிர... அது எங்க அண்ணி போட்டது. என் வீட்டுக்காரரோட அக்கா. ஒரு துணி அவங்க மனசுக்குத் திருப்தியா இருந்தா உள்பக்கம் அந்த நூலைப் போடுவாங்க. அது இல்லாம எந்தத் துணியும் இங்கேருந்து வெளிய போனதில்ல... ஆமா சார், நானும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மடிச்சு வச்சேன்... எப்படிச் சொல்றது, எங்க கண்ணுக்கு அது அடையாளமாவே தெரியல சார். அது இல்லாத துணிதான் எங்களுக்குக் குறையா தெரியும்."

உள்ளே ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். அத்தனை பேரும் விதியைக் கேட்டவர்கள், அத்தனை பேரும் அந்த கவுனைத் தொட்டுப் பார்த்தவர்கள். ஒருத்திக்காவது உறைத்ததா? இல்லை. கூடத்தையே இவளும் அண்ணியும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா தைத்ததையே கண் முன்னால் பிரித்துப் போட்டு, "மறுபடியும் தை" என்று சொல்கிற ஆள் அண்ணி. அதற்காக இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல.

"என்ன சார், நிஜமாவா? சரிபண்ண முடியுமா?... கமிட்டி உட்கார்றதுக்குள்ள... சின்னக் குறைன்னா திருத்தலாம்னு விதியிலயே இருக்கா? நீங்க நல்லா இருக்கணும் சார்!... அவங்களையே வந்து பிரிக்கச் சொல்லணுமா?... இல்ல சார், அவங்க வர முடியாது... வெளியூர் இல்ல... அவங்க இல்ல சார். இறந்துட்டாங்க... உங்ககிட்ட அந்த கவுனைக் கொடுத்த வாரமே..."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பரவால்ல சார், உங்களுக்கு எப்படித் தெரியும்... அந்த கவுனை ஆஸ்பத்திரிக் கட்டில்ல உட்கார்ந்துதான் முடிச்சாங்க. அவங்களுக்கு உடுத்திவிட்டிருந்த கவுன்ல நாடா பிய்ஞ்சு தொங்கிச்சு. 'இதைத் தைச்சவ கையில கிடைக்கட்டும்'னு ஒரே திட்டு. 'நோயாளிக்கு மானம் இல்லையா'ன்னு கேட்டாங்க. அந்தக் கோபத்துலதான் சார் இந்த டெண்டரே போட்டோம்... அதுக்கப்புறம் அவங்க ஊசியைத் தொடல."

"ம்... ம்... நானே வரவா சார்? பஸ் பிடிச்சா... அதுக்குள்ள கமிட்டி வந்துருமா... அப்ப நீங்களே வெட்டணும்... என் சம்மதமா..."

சம்மதம் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. அந்த நூல் போட்டதெல்லாம் விற்றுப்போன துணிகளில் ஊர் ஊராகப் போய்விட்டது, இங்கே ஒன்றும் மிச்சமில்லை. அண்ணி தன் ரவிக்கையில் அதை ஒருபோதும் போட்டதில்லை, தன் வேலை அவளுக்குத் திருப்தியானால்தானே! திரும்பிப் பார்த்தாள். மெஷின்களுக்கு முன்னால் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மெஷினில் அண்ணியின் மகள்.

"...சம்மதம் சார். வெட்டிடுங்க... கத்தரிக்கோல் இருக்கா?... பிளேடு வேணாம் சார், துணி கிழிஞ்சிரும். பக்கத்து சீட்ல கேளுங்க... கிடைச்சுதா? ம். நுனியால, மெதுவா. அவங்க தையல் இறுக்கமா இருக்கும். பின்பக்கம் ஒரு முடிச்சு இருக்கும் பாருங்க... அதேதான். அதை வெட்டினா தானா வந்துரும்..."

போனில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"...வந்துருச்சா?... தடம் தெரியலயே?... அப்ப நம்ம துணி கமிட்டிக்குப் போகுதா? ரொம்ப நன்றி சார், ரொம்ப ரொம்ப நன்றி... சார், சார், வச்சிராதீங்க. ஒரே ஒரு உதவி. அந்த நூலை ஒரு கவர்ல போட்டு வைங்க சார், நாளைக்கே வந்து வாங்கிக்கறேன்... என்ன சார்?... ஊதிட்டீங்களா..."

"...இல்ல சார், உங்க மேல தப்பில்ல. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்... வெறும் நூலுதானே... ஃபேன் ஓடுதா சார்?... கமிட்டி வந்துட்டாங்களா? போங்க சார், நீங்க போங்க... சார், ஒண்ணே ஒண்ணு... எந்தப் பக்கமா ஊதினீங்க?... ஹலோ... சார்?... ஹலோ..."