முத்தம்மாளை யாரும் எழுப்பவில்லை

மாலை ஏழு மணி தாண்டியிருக்கும். திருவள்ளூரிலிருந்து செவ்வாப்பேட்டைக்குப் போகிற சாலை... எழுபத்து நாலில் அதில் விளக்கு ஏது? இரண்டு பக்கமும் நெல் வயல். தவளைச் சத்தம். என் நண்பர் ஜகந்நாதன், பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்து வருகிறார். பின்னால் ஒரு மெட்டிச் சத்தம். கிண்... கிண்... இவர் நின்றார். அதுவும் நின்றது.

"இன்னா சாமி, எடுத்த எடுப்புல பயம் காட்டுற? வெளக்கத் தூண்டிட்டு, மொதல்லேருந்து சொல்லு!" என்றார் பொதட்டூர்பேட்டை லட்சுமியம்மாள்.

மறுநாள் அமாவாசை. திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வேண்டுதலுக்கு வெல்லம் கரைக்க வந்திருந்தவர்கள் கோயில் மண்டபத்தில் நெருங்கிப் படுத்திருந்தோம். விளக்கைத் தூண்டிவிட்டு, முதலிலிருந்தே சொன்னேன்.

ஜகந்நாதனின் சித்தப்பா எம்பார். மனநல டாக்டர். ஊருக்கு வெளியே, இதே சாலை ஓரத்தில் அவர் வீடு. தூக்கம் வராதவர்கள், பயந்தவர்கள் வருவார்கள். பிரம்பு நாற்காலியில் சாயவைத்து, மெல்லப் பேசிப் பேசியே மயங்க வைப்பார். பழைய வயதுகளுக்கு அழைத்துப் போவார். முடிவில், பெயரை மூன்று தரம் சொல்லி, "எழுந்திரு" என்பார். அப்போதுதான் கண் திறக்கும். பெயர் சொல்லாமல் யாரையும் எழுப்பியதில்லை.

அவர் மனைவி அம்புஜவல்லி சுதந்திரம் வந்த வருஷமே, இளம் வயதில் போய்விட்டாள். கடைசியாக மடித்துக் கொடுத்த வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது. நாக்கு வெந்த எரிச்சலில் அவளைக் கடிந்து பேசினார். அன்று ராத்திரியே அவளுக்குக் காய்ச்சல். பிறகு நினைவு திரும்பவில்லை. ஒரு சமாதான வார்த்தை சொல்லப் பெருமாள் அவகாசம் தரவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

எழுபத்தொன்றில் அரசப்பன் என்ற விவசாயி தன் மனைவி முத்தம்மாளைக் கூட்டிவந்தார். இருபது வயதுப் பெண். கையில் பால் குடிக்கிற குழந்தை.

"பிள்ள பொறந்ததுலேருந்து ராவெல்லாம் முய்ச்சிக்கினே கீறா டாக்டரே. ஊட்டுக்கு நாயே வேணாம்" என்றார் அரசப்பன்.

"நாய்க்காவது வேளைக்குச் சோறு போடுவ" என்றாள் முத்தம்மாள். மூவரும் சிரித்தார்கள்.

அரசப்பன் குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்தார். உள்ளே முத்தம்மாள் மயங்கினாள். பத்து வயது... ஐந்து வயது... தொட்டில். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அதற்கு முன்னால்?" என்று கேட்டுவிட்டார்.

கடிகாரச் சத்தம் மட்டும். பிறகு ஈரச் சுண்ணாம்பு வாசனை. பிறகு முத்தம்மாளின் வாயிலிருந்து வேறொரு குரல்.

"நாக்கு இன்னும் எரியறதா?"

எம்பார் நாற்காலி அருகே குனிந்தார். "அம்புஜம்... அம்புஜம்... அம்புஜம்!" பழக்க தோஷம், அடுத்த வார்த்தையும் தானாக வந்துவிட்டது. "எழுந்திரு."

கண் திறந்தது.

"ஏன் இப்படி நரைச்சுப் போயிட்டேள்?"

அவர் அழுதார். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்தாள். "ஒரு வெத்தலைக்கா இத்தனை வருஷமா?"

வராந்தாவில் குழந்தை வீறிட்டது. அரசப்பன் எட்டிப் பார்த்தார். "ஏம்மே, கொயந்த பாலுக்கு அயுவுது. வா."

அவள் சுவரோடு ஒதுங்கினாள். "இவர் யாரு?"

"இன்னா டாக்டரே, என்னையே யாருன்றா?"

அப்போதுதான் எம்பாருக்கு உறைத்தது, எழுந்தது முத்தம்மாள் இல்லை என்று. உடனே மறுபடி மயக்கி, முத்தம்மாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் நாக்கு வரை வந்தது. ஆனால் முத்தம்மாள் எழுந்தால் அம்புஜம் போய்விடுவாளே... அவர் வாயைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை விடாமல் அழுதது. அம்புஜம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய், குழந்தையை வாங்கி மாரில் அணைத்துக்கொண்டாள்.

"பசின்னு அழறபோது, யார் பெத்ததுன்னு பார்க்க முடியுமா, சொல்லுங்கோ? நான் இவாளோட போறேன்."

"தூக்கக் கலக்கம். ஊட்டுக்குப் போனா சரியாப்பூடும்" என்றார் அரசப்பன். மூவரும் வயல் வழியே போனார்கள். எம்பார் வாசலில் நின்றார். தடுக்கவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. திரும்பி உள்ளே வந்தால், காலி நாற்காலியில்... யாரோ அயர்ந்து தூங்குகிற மூச்சுச் சத்தம்.

அதன் எதிரிலேயே மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தார். ஜகந்நாதனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெயரை மட்டும் கடைசி வரை கூப்பிடவில்லை. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

வீட்டைப் பூட்ட ஜகந்நாதன் போனார். ஜன்னல்களைச் சாத்தினார். அமைதியில் அந்த மூச்சு கேட்டது. பயம்தான். ஆனாலும், தூங்குகிறவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது சின்ன உபகாரம்தானே? நாற்காலி அருகே குனிந்தார்.

"முத்தம்மா... முத்தம்மா... முத்தம்மா... எழுந்திரும்மா."

மூச்சு நின்றது. பிரம்பு மெல்லக் கிறீச்சிட்டது. கதவைப் பூட்டி, பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டார்.

அந்த மெட்டிச் சத்தம்தான்... கிண்... கிண்... முதுகுக்குப் பின்னால், கூச்சத்தோடு ஒரு குரல்.

"சார்... ரொம்ப நேரம் தூங்கிட்டேன் போலக்குது. கொயந்த பாலுக்கு அயுவும். எங்க ஊடு எந்தப் பக்கம் சார்?"

ஜகந்நாதனுக்கு வழி தெரியும்; போகவர அரசப்பன் வீட்டைப் பார்த்திருக்கிறார். அந்தக் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது, 'அம்மா' என்று இன்னொருத்தியின் முந்தானையைப் பிடிக்கிறது என்பதும் தெரியும். எப்படிச் சொல்வது? எப்படிச் சொல்லாமல் இருப்பது? கை தானாக உயர்ந்து வழி காட்டியது.

மெட்டிச் சத்தம் அவரைக் கடந்து, வயல் பக்கம் அவசரமாக ஓடியது.

டார்ச் அடித்துப் பார்த்தார். புழுதியில் காலடி ஏதும் இல்லை. சொட்டுச் சொட்டாக... பால்.