உள்ளுக்குப் போகாத சாயம்

கழுவுற வேல எனக்கு எப்பவுமே புடிக்காது, சேர். ஊட்டுல நான் சாப்பிட்ட பீங்கானக்கூட என்ட பொஞ்சாதி றஸ்மியாதான் கழுவுவா.

அலுவிகாரையில வாடகைக்கு எடுத்த ஒரு ஊடுதான் என்ட லேப். கார்பன் நானோகுழாய்ன்னா கண்ணுக்கே தெரியாத குழாய், சேர். கையில எடுத்தா வெறும் கரித்தூள். அதுக்குள்ள சின்ன மூலக்கூறுகள அடைக்கணும். நான் ஒரு செவப்புச் சாயத்த அடைச்சேன். அடைச்சிட்டேன்னு கொழும்புல பெரிய ஆக்கள்ட்ட சொல்லியும் போட்டேன். பைத்தியக்காரன்னு சிரிச்ச அதே ஊரு, வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுக முடிய "நம்மட டொக்டர் ஜிப்ரி"ன்னு கையப் புடிச்சிச்சி.

அடைச்ச பொறகு தூள ஸ்பிரிட்டால கழுவணும். வெளியில ஒட்டினது போயிடும், உள்ள போனது நிக்கும். நான் பேருக்குத்தான் கழுவுவேன். நல்லாக் கழுவினா சாயம் கொறையுது. எரிச்சல் வராதா, சொல்லுங்க?

நிஷ்மியா, றஸ்மியாட கூடப்பொறந்த நானாட மகள். கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள, நான்தான் வேலைக்கு எடுத்தேன். ஸ்பிரிட் தெளியிற வரைக்கும் கழுவிட்டு வந்து நின்னா. தூள்ல சாயமே இல்ல.

"உள்ளுக்கு ஒண்ணுமே போகல, மாமா. குழாய்ட முனையெல்லாம் மூடித்தான் கெடக்கு. காத்துல சூடாக்கினாத்தான் அந்த மூடி எரிஞ்சி தெறக்கும். நீங்க ஆர்கனுக்குள்ள வச்சில்ல சூடாக்கிறீங்க."

ஆர்கன் சும்மா ஒரு வாயு, சேர். எதையும் எரிய விடாது. தூள் எரிஞ்சிடுமோன்னு பயந்து காத்தே படாம பொத்திப் பொத்தி வச்சேன். அந்தப் பயத்தாலதான் இத்தன வருஷமும் வீணாம்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், மாமா. கொழும்புக்கு நாமளே உண்மையச் சொல்லிருவோம். நீங்க சொல்லாட்டி நான் சொல்லத்தான் வேணும்"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. அதத்தான் என்னால தாங்க முடியல. நேத்துப் பொறந்த புள்ள எனக்கு ஆறுதல் சொல்லுது.

அடுத்த நாள் காலையில தூள் சூடாக்கிற அடுப்பப் பாக்க உள் ரூமுக்குப் போனா. தூசி வராம ரப்பர் வச்சி அடைச்ச ரூம், ஜன்னல் இல்ல. நான் வெளியில தாழ்ப்பாள் போட்டு, அந்த ரூமுக்கு பைப் போற ஆர்கன் சிலிண்டரத் தெறந்து விட்டேன். ஆர்கனுக்கு மணமில்ல, நஞ்சுமில்ல. இருக்கிற காத்தத் தள்ளிடும், அவ்வளவுதான். ரோட்டுல பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு மொதல் வாக்குமூலத்துல உங்கள்ட்ட சொன்னேனே, அது பொய். அவ தட்டினது கேட்டிச்சி. "மாமா"ன்னதும் கேட்டிச்சி.

வாயு கசிஞ்ச விபத்துன்னு எல்லாரும் நம்பினாங்க. ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். றஸ்மியா இன்னும் சரியா சாப்பிடுறதில்ல, பாவம்.

பொறகு அந்தப் புள்ள சொன்ன மாதிரியே காத்துல சூடாக்கிப் பாத்தேன். கொஞ்சம் தூள் எரிஞ்சிச்சி, மிச்சத்துக்குள்ள சாயம் போய் நின்னிச்சி. கை நோகக் கழுவினேன், போகல. அல்ஹம்துலில்லாஹ்ன்னு அழுதிட்டேன், சேர்.

ஆய்வுக் கட்டுரைய அனுப்பியாச்சி. அவ பேர ரெண்டாவதாப் போட்டிருக்கேன். அடுத்தவங்கட உழைப்ப அமுக்கிற ஆள் நான் இல்ல.